விண்வெளியும் மாணாக்கர் தூரிகையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



விண்வெளியைப் பற்றி ஆராய விஞ்ஞானிகள் இருக்க, சித்திரம் தீட்டும் மாணாக்கருக்கு அங்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். அவ் வினாவுக்கு விடைகாண முயல்வதே எமது இச் சிற்றுரையின் நோக்கம்.

1965 ஆம் ஆண்டு மார்ச் 18 ஆம் நாள் சோவியத் நாட்டு அலெக்சி லெயோனோவ் கலத்தினின்றும் வெளியேறி விண்வெளியில் உலாவிய முதல் மனிதரானார். அப் பயணத்திலேயே அவர் வர்ணப் பென்சில்களால் சூரியோதயத்தை வரைந்தார். பென்சில்கள் மிதந்து போகாவண்ணம் அவற்றை நூலாற் கட்டி வைத்திருந்தார். விண்வெளியிற் பிறந்த முதற் சித்திரம் அதுவே.

லெயோனோவ் கண்டதை வரைந்தார். இனிமேற் காணக்கூடியதை வரைந்தோரும் உளர். 1975 இல் அமெரிக்காவில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையத்தாரும் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தாரும் பேராசிரியர் ஜெறாட் ஓநீலுடன் கூடி, 10,000 மக்கள் வாழத்தக்க விண்வெளிக் குடியிருப்பொன்றைத் திட்டமிட்டனர். அது ஏறக்குறைய 1.8 கிலோமீற்றர் விட்டமுள்ள பெருஞ் சக்கரம். நிமிடத்துக்கு ஒருமுறை சுழலும். அச் சுழற்சியே புவியீர்ப்பைப் போல் மக்களை நிலத்தில் ஊன்றி நிற்கச் செய்யும். கணக்குகளை வாசியாதவரும், டொன் டேவிஸ் முதலிய ஓவியர்கள் தீட்டிய வீடுகளையும் மரங்களையும் கண்டு அத் திட்டத்தை விளங்கிக்கொண்டனர்.

இவ் வழியிலே பள்ளி மாணாக்கருக்கான விண்வெளிக் குடியிருப்புப் போட்டியை ஏம்ஸ் நிலையம் 1994 இல் ஆரம்பித்தது. பின்னர் அமெரிக்கத் தேசிய விண்வெளிச் சங்கம் அதனைப் பொறுப்பேற்று, ஓநீலின் பெயரைச் சூட்டியது.

இத்தகைய படம் வரைவதில் ஒரு நுட்பம் உண்டு. சக்கரத்துக்குள் நிற்பவனுக்கு நிலம் சமதளமாயிராது. முன்னும் பின்னும் மேல்நோக்கி வளைந்து எழும். எல்லோர் தலையும் சக்கரத்தின் நடுவையே நோக்கியிருக்கும். இதை அறியாதவன் தூரிகை பிழைக்கும். பாடநூலில் ஒரு வரியாய்க் கடந்துபோன பௌதிகம், படந்தீட்டும்போது கையைப் பிடித்து நிறுத்துகின்றது.

நாமும் மிஷன் பள்ளியிற் பயின்ற பராயத்தில், இத்தகைய போட்டியொன்றுக்கு றொக்கற்றும் கொடியும் தீட்டிப் பெருமையோடு கொடுத்தோம். ஆசிரியர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “தம்பிமார், இதற்குள் இருப்பவர் குடிக்கத் தண்ணீர் எங்கே? அவருடைய ஆச்சி எங்கே இருக்கிறா?” என்றார். விடையின்றி நின்றோம். பரிசும் கிடைக்கவில்லை. எனினும் அக் கேள்வி இன்றுவரை எம்மை விட்டகலவில்லை.

இன்று கணினிக்கு ஒரு வசனம் எழுதினால், நொடிப்பொழுதில் விண்வெளி நகரம் கண்முன் நிற்கும். அதில் ஆச்சிக்கு இடமுண்டா என்று கணினி தானாகக் கேளாது. கேட்கவேண்டியவர் நாமே. இன்று தீட்டும் படத்தில் முதியோரும் நோயாளரும் ஏழைகளும் இடம்பெறாவிடின், நாளை கட்டும் நகரத்திலும் அவர்களை மறந்துவிடுவோம்.

ஆகவே, பெரியோர்களே, பிள்ளைகள் சித்திரம் தீட்டுவதைப் படிப்புக்கு இடையூறென்று தடுக்காதீர்கள். இளைஞர்களே, பரிசை மாத்திரம் கருதாது, அங்கு வாழப்போகும் மனிதரை எண்ணி வரைவோமாக.