சூரைச்செடியின் கீழ் ஓர் அடை



2019 மார்ச் மாதத்தை மலேசியாவின் பாசிர் கூடாங்கில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சுங்கை கிம் கிம் ஆற்றில் சட்டவிரோதமாகக் கொட்டப்பட்ட ரசாயனக் கழிவின் நச்சு காற்றில் பரவியது. பள்ளிப் பிள்ளைகளுக்கு வாந்தி, மூச்சுத்திணறல். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்கு ஓடினார்கள். 13ஆம் தேதி வட்டாரத்தின் 111 பள்ளிகளையும் மூடும்படி உத்தரவு வந்தது.

சபை ஊழியத்துக்காக அப்போது வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு வீட்டில் ஜன்னல் இடுக்கிலெல்லாம் ஈரத்துணி. இரண்டு பிள்ளைகளையும் அணைத்தபடி அந்த வீட்டு அக்கா கேட்டார்: "பாஸ்டர், நெருப்புன்னா தூரமா ஓடலாம். காத்துக்கிட்டயிருந்து எங்க ஓடுறது?" பிறகு குரல் தாழ்ந்தது. பயமாயிருக்கிறது என்று போனில் சொன்னதற்கு, உறவினர் ஒருவர், "உனக்கு விசுவாசம் பத்தல" என்றாராம். நச்சுக்காற்றை விட அந்தப் பேச்சுதான் அவரை அதிகம் அழவைத்தது.

இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். பயப்படுகிறவரைக் கர்த்தர் எப்படி நடத்தினார் என்று தெரிய வேண்டுமானால் 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எனக்கு உயிரான அதிகாரம் அது.

அதில் வரும் தீர்க்கதரிசி எலியா சாதாரண ஆளா? கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேருக்கு எதிரே ஒற்றை ஆளாக நின்றவர். அடுத்த அதிகாரத்திலேயே யேசபேல் ராணி சொல்லியனுப்பிய ஒரு மிரட்டலுக்கு ஓட்டம் பிடிக்கிறார். பெயெர்செபாவில் வேலைக்காரனை விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒரு நாள் தூரம் நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "என்னை எடுத்துக்கொள்ளும்" என்கிற அளவுக்குச் சோர்ந்து தூங்கிப்போகிறார்.

தேவதூதன் வந்து தட்டி எழுப்புகிறான். நேற்றைக்கு அப்படி நின்றாயே, இன்றைக்கு ஏன் இப்படி என்று ஒரு வார்த்தை இல்லை. தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டுவிட்டு மனிதர் திரும்பவும் படுத்துக்கொள்கிறார்! தூதன் சலிக்கவில்லை, இரண்டாம் முறையும் எழுப்பி, போகவேண்டிய வழி தூரம் என்று சொல்லிச் சாப்பிட வைக்கிறான். "இங்கே உனக்கு என்ன வேலை?" என்ற கேள்வி எழுகிறதே, அது நாற்பது நாள் நடந்து ஓரேபு மலை சேர்ந்த பிறகுதான். நம் மலேசியத் தமிழர் வாசலில் யாரைப் பார்த்தாலும் முதலில் "பசியாறிட்டீங்களா?" என்போமே, கர்த்தரும் அந்த வரிசையில்தான் போகிறார் போலிருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். யேசபேல் மனம் மாறவில்லை, மிரட்டலையும் திரும்பப் பெறவில்லை. ஆபத்து அப்படியே நிற்கிறது. எலியாவுக்குக் கிடைத்தது எலிசா என்கிற ஒரு துணை. பாகாலுக்கு முழங்கால் மடக்காத ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்ற செய்தியும் கிடைத்தது.

நிலைமை மாறாமலே பிறருக்குத் துணையான ஒருவரும் உண்டு. நெல்லைச் சீமையில் டோனாவூர் என்று ஓர் ஊர். அங்கே பிள்ளைகளைக் காப்பாற்றி வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் ஒரு குழியில் விழுந்தார். 1951இல் மறையும்வரை பெரும்பாலும் படுக்கையும் அறையும்தான். எத்தனையோ பேர் குணமாக ஜெபித்தும் அந்த வலி தீரவில்லை. அந்த அறையிலிருந்துதான் அவர் நோயாளிகளுக்கென்றே எழுதினார். சுகமாக இருப்பவர்கள் அனுப்பும் ஆறுதல், படுத்திருப்பவரிடம் வந்து சேர்வதில்லை என்பது அவர் அனுபவம். அதனால் ஒரு நோயாளி இன்னொரு நோயாளிக்கு எழுதுவதுபோல எழுதினார்.

ஷிப்டு வேலை நிலைக்குமா என்ற பயம், விடியுமுன்னே மோட்டாரில் பாலம் தாண்டி சிங்கப்பூர் போகிற பிள்ளை பத்திரமாகத் திரும்புவானா என்ற பயம், மருத்துவ அறிக்கையைப் பிரிக்கவே கை நடுங்குகிற பயம். எதுவாக இருந்தாலும் ஜெபத்தில் அதை மறைக்காமல் சொல்லுங்கள். பயத்தோடு வருகிறவரையும் கர்த்தர் நேசிக்கிறார். உங்கள் தாமானிலும் இப்படிப் பயந்துபோய் இருக்கிற ஒருவர் இருப்பார். இந்த வாரம் அவர் வீட்டுக்குப் போங்கள். வசனம் சொல்லுமுன் சாப்பாடு கொண்டுபோங்கள்.