மாசியில் நம் வீட்டு முற்றம்

(ஷஃபான் மாதக் குடும்பக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



செயலாளர் எழுந்தால் ஜகாத் கணக்குத்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். அதை அடுத்த வாரம் ஹழ்ரத் அவர்கள் பேசுவார்கள். நான் வீட்டு முற்றத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நேற்று சுபுஹு தொழுதுவிட்டுத் திரும்பும்போது ஒரே தெருவில் மூன்று வாசலில் வேப்பஞ்சருகு எரிந்துகொண்டிருந்தது. அந்தப் புகைக்குள்ளேதான் இளைப்பு உள்ள பிள்ளைகளும் ஸ்கூலுக்குப் போக வேண்டும்.

வேம்பும் புங்கனும் இலை உதிர்த்துத் துளிர்க்கிற காலம் இது. நம் மதுரைக்கு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கிடைப்பது. தை பிறந்தால் மண் காயத் தொடங்கும். பங்குனி வெயில், சித்திரை வெயில், பிறகு கத்திரி. அந்த வெயிலுக்கு வேரை மூடிவைக்கிற போர்வை இந்தச் சருகு. அதைக் கூட்டி எரித்துவிட்டு, அடுத்த மாதம் 'மண்ணு வெடிச்சுப் போச்சு' என்று குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறோம்.

செடியின் தண்டில் ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி, மூன்று விரல் கனத்துக்குப் பரப்புங்கள். விவசாயிகள் இதை மூடாக்கு என்பார்கள். 'பூச்சி பொட்டு வந்து அடையுமே' என்று பெண்கள் கேட்பது நியாயம். வாசற்படி ஓரத்திலும் சுவரை ஒட்டியும் குவிக்காதீர்கள், குவியலில்தான் அடையும். கரையான் பயம் இருந்தால், செடிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு தூவி, அதன்மேல் சருகைப் போடுங்கள். மேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணில் ஈரம் நிற்காது, அங்கே இன்னும் கொஞ்சம் கனமாகப் போடலாம். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், ஆனால் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அங்கும் மூடாக்கு வேண்டும்.

அடுத்தது தண்ணீர். நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவுத் தண்ணீரில் ஒளூச் செய்தார்கள் என்று புகாரியில் வருகிறது. இரண்டு கையும் சேர்த்து அள்ளுகிற அளவு அது. நம் கணக்கில் ஒரு லிட்டரைத் தாண்டாது. நாம் குழாயைத் திறந்துவிட்டுத் தலைக்கு மஸஹ் செய்கிறோம். வீட்டில் ஒளூச் செய்யும் இடத்துத் தண்ணீரைச் செடிக்குத் திருப்பிவிடுங்கள். ஒருவர் கேட்டார், ஒளூச் செய்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா என்று. தாராளமாக ஊற்றலாம். அதைக் கொண்டு மறுபடி ஒளூச் செய்யக் கூடாதே தவிர, அது அசுத்தமல்ல. ஆனால் ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடுகிற தண்ணீர் வேண்டாம். போர்த் தண்ணீரே உப்பு. அதில் உப்பு இன்னும் கூடியிருக்கும். தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, சொல்ல வெட்கப்படுகிற ஒன்றைச் சொல்கிறேன். 2009இல் எங்கள் வீட்டுச் செம்பருத்தி முழுக்க வெள்ளைப் பஞ்சாக அப்பிக்கொண்டது. ஒரு கடையில் மருந்து கேட்டேன். லேபிள் இல்லாத பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார்கள். நானும் கேள்வி கேட்காமல் வாங்கி அடித்தேன். மறுநாள் காலை, நாலு வயது மகள் பூவைப் பிய்த்துத் தேன் உறிஞ்சியிருக்கிறாள். வாந்தி. ஆஸ்பத்திரியில் டாக்டர், 'என்ன மருந்து?' என்று கேட்டார். எனக்குப் பேர்கூடத் தெரியவில்லை. ஓர் இரவு முழுக்க அவள் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தேன். அல்லாஹ் காப்பாற்றினான்.

பஞ்சு மட்டும் போகவே இல்லை. பிறகுதான் தெரிந்தது, அது பப்பாளி மாவுப்பூச்சி. 2008இல் கோவைப் பக்கம் முதலில் தென்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தமிழ்நாடு முழுக்கப் பரவியது. மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து உள்ளே இறங்காது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து, பெருக்கி விட்டார்கள். மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டையிடுகிற குளவி அது. விஷத்தால் ஆகாததை அது சில மாதங்களில் முடித்தது. கண்டதையும் அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான்.

இப்போது நான் செய்வது இவ்வளவே. பஞ்சு தெரிந்ததும் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுவேன். மிஞ்சினால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். அஸருக்குப் பிறகு, வெயில் தாழ்ந்ததும் தெளிப்பேன்.

உரத்துக்குப் பஞ்சகவ்யம் சொல்வார்கள். அதில் கோமியம் சேர்வதால், தொழுகிற வீட்டில் கையிலும் துணியிலும் படுமே என்று நம்மவர்கள் தயங்குகிறார்கள். தயக்கம் சரிதான், வேறு வழி இருக்கிறது. மீன் கழுவும்போது ஒதுக்கும் தலை, குடலோடு அதே எடை நாட்டுச் சர்க்கரையைப் பிசைந்து, பிளாஸ்டிக் டப்பாவில் மூடி ஒரு மாதம் நிழலில் வையுங்கள். இறுக்கி மூடாவிட்டால் தெருப் பூனையெல்லாம் உங்கள் வீட்டில்தான்! வடிகட்டி, லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி கலந்து ஊற்றலாம்.

ரமலானில் தர்பூசணித் தோலும் வாழைப்பழத் தோலும் மலை மாதிரி சேரும். நறுக்கிச் செடிக்குச் சற்றுத் தள்ளிக் குழியில் புதையுங்கள். மிஞ்சிய நோன்புக் கஞ்சியை மட்டும் செடியில் கொட்டாதீர்கள். உப்பும் எண்ணெயும் ஆகாது. மிஞ்சும்படி வாங்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டில் தண்ணீரைத் தேங்கவிடாதீர்கள். டெங்குக் கொசு ஒரு வாரம் பத்து நாளில் அதிலிருந்தே பறந்துவிடும்.

வேப்பம் புண்ணாக்கு மொத்தமாக வாங்கி அறக்கட்டளை அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் வாருங்கள். வாங்கின விலைதான். பை மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும்.