பூட்டிய கதவுக்குப் பின்னால் நம் பிள்ளைகள்
(குமாரபாளையத்தில் நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



2022 டிசம்பர் 29ஆம் தேதி தாம்பரத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவனை ரயில்வே போலீசார் பிடிக்கிறார்கள். பேட்டரி திருடினான் என்பது குற்றச்சாட்டு. செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் அடைக்கிறார்கள். டிசம்பர் 31ஆம் தேதி அவன் பிணமாகிறான். உடல்நலக் குறைவு என்றார்கள். பிரேதப் பரிசோதனையோ உடலெங்கும் காயங்களைக் காட்டியது. 2023 ஜனவரியில் இல்லத்தின் ஊழியர்கள் 6 பேர் கைதானார்கள். அந்த ஏழைத் தாய் விடாமல் போராடியதால்தான் விஷயம் வெளியே வந்தது. கேட்க ஆளில்லாத பிள்ளையாக இருந்திருந்தால்?

திருத்துவதற்காகக் கட்டிய இடத்தில் இரண்டே நாளில் உயிர் போகிறது என்றால், அது இல்லமா, கொட்டடியா? இதன் பிறகுதான் நீதியரசர் கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அரசு அமைத்தது. இந்த இல்லங்களுக்குத் தனித் துறையே வேண்டும் என்று அந்தக் குழு 2023இல் பரிந்துரைத்தது.

சகோதரர்களே! அரசை மட்டும் சாடிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் என்ன நடந்தது? தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளைத் தனியார் காப்பகத்தில் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். விடியற்காலையில் தீப்பிடித்தது. ஓட முடியாமல் 28 பேர் கருகி மாண்டார்கள். பணத்தைக் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காத குடும்பங்களுக்கும் அதில் பங்கில்லையா?

இன்றும் பையன் போதையில் விழுந்துவிட்டால், 'கட்டிப் போட்டாவது திருத்துங்கள்' என்று எங்காவது ஒப்படைக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதையே தடை செய்கிறது. பதிவு இல்லாத இடத்தில், பெற்றவரைக்கூடப் பார்க்க விடாத இடத்தில், பிள்ளையை விடாதீர்கள்.

இளைஞர்களே! 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தைத் தெரிந்து கொள்ளுங்கள். 18 வயது நிரம்பாதவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்திற்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஜாமீன் கொடுப்பதே விதி, மறுப்பது விதிவிலக்கு. இல்லத்தில் அடைப்பது கடைசி வழிதான். காப்பக ஊழியரே கொடுமை செய்தால் 5 ஆண்டு வரை கடுங்காவல், 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். குழந்தைகளுக்கான 1098 உதவி எண்ணை ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்யுங்கள்.

இது விசைத்தறி ஊர். படிப்பை நிறுத்திவிட்டுத் திரியும் பையன்கள் எந்தத் தெருவில் இல்லை? ஒருவன் தவறி விழுந்தால் 'தறுதலை' என்று ஒதுக்குகிறோம். ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட ஆள் வராததால் ஏழைப் பிள்ளை உள்ளே கிடக்கிறான்.

வியாபாரிகளே! அந்தக் கையெழுத்தை நீங்கள் போடுங்கள். ஜமாஅத்தார் வழக்கறிஞர் ஒருவரை ஏற்பாடு செய்து வையுங்கள். பிள்ளை உள்ளே இருந்தால், பெற்றோருக்குத் துணையாகப் போய்ப் பாருங்கள். வெளியே வந்தவனைப் பள்ளிக்கோ தொழிற்பயிற்சிக்கோ அனுப்புங்கள். எந்த மதத்துப் பிள்ளை என்று பார்க்காதீர்கள். செங்கல்பட்டில் செத்தவனும் ஒரு தாயின் மகன்தான்.

விசாரிக்க ஆள் வரும் பிள்ளை மீது கை ஓங்க எவனும் யோசிப்பான். அந்த ஆளாக நாம் இருப்போம். அல்லாஹ் நம் அனைவருக்கும் அதற்கு அருள் புரிவானாக!