பட்டா யார் பெயரில் இருக்கிறது?

(டிரஸ்ட்டின் மாதக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





பி.எம்.கிசான் பணம் நின்றுவிட்டது என்று நம் அலுவலகத்திற்கு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணை. ஒரு மூட்டை டி.ஏ.பி. வாங்கினால் மிச்சம் ஓர் ஆள் கூலிக்குத்தான் ஆகும். ஆனாலும் சிறு விவசாயிக்கு அது நேரத்தில் வருகிற பணம்.

ஆதார் வங்கிக் கணக்கோடு சேரவில்லை என்றால் வங்கியிலும், இ-கேஒய்சி முடிக்கவில்லை என்றால் இ-சேவை மையத்தில் கைரேகை வைத்தும் சரிசெய்யலாம். கஷ்டம் அதில் இல்லை. பலருடைய நிலம் இன்னும் மவுத்தான வாப்பா பெயரில், சிலருக்குப் பாட்டனார் பெயரில் இருக்கிறது. நிலப் பதிவேட்டில் தன் பெயர் இருப்பவருக்குத்தான் இந்த உதவி. 1.2.2019-க்குப் பிறகு நிலம் வாங்கியவருக்கு இல்லை என்ற விதி, உரிமையாளர் இறந்து வாரிசாக வந்த நிலத்துக்குப் பொருந்தாது. ஆகவே இனி பயனில்லை என்று யாரும் இருந்துவிட வேண்டாம்.

பிறகு ஏன் பட்டா மாற்றவில்லை? நேராகவே சொல்கிறோம். வாரிசுச் சான்றிதழ் வாங்கினால் அதில் ராத்தா பெயரும் தங்கச்சி பெயரும் வரும். "அவள் கேட்கமாட்டாள்" என்கிறோம். அவள் கேட்காதது வேறு, அவள் ஹக் வேறு. மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒரு பங்கு என்று ஃபராயிளில் இருக்கிறது. கல்யாணத்துக்குப் போட்ட நகை அதற்கு ஈடாகாது. அவள் பெயரில் பட்டா வந்து, தகுதியும் இருந்தால், அவளும் விண்ணப்பிக்கலாம். கணவன் மனைவி இருவரில் ஒருவருக்குத்தான் கிடைக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்று. வாப்பா மவுத்தான பிறகும் அவர் கணக்கில் தவணை விழுந்துகொண்டிருக்க, ஏ.டி.எம். கார்டை வைத்து எடுத்த பிள்ளைகள் நம்மிடையே உண்டு. அது நம் பணம் இல்லை. வேளாண் அலுவலகத்தில் தெரிவித்து நிறுத்துங்கள்.

2020-ல் நடந்தது நினைவிருக்கும். அதிகாரிகளின் கடவுச்சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு, தமிழ்நாட்டில் தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை இடைத்தரகர்கள் சேர்த்துவிட்டார்கள். சுமார் 110 கோடி ரூபாய் போனது. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது, பணத்தைத் திரும்ப வசூலித்தார்கள். நம் தெருவிலும் ஒரு சென்ட் நிலம் இல்லாத பெண்கள் கொரோனா நிவாரணம் என்று நம்பி ஆதார் நகல் கொடுத்தார்கள். கமிஷன் தரகருக்குப் போனது, திருப்பிக் கட்டியது இவர்கள். அன்று முன்கூட்டியே எச்சரிக்காமல் இருந்தது எங்கள் தவறும்தான்.

வக்ஃப் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிற சகோதரர்கள் கேட்கிறார்கள். பட்டா உங்கள் பெயரில் இல்லாததால் இதில் கிடைக்காது. இது நியாயமா என்றால், எங்களுக்கும் வருத்தம்தான். உங்களுக்குப் பயிர்க் காப்பீட்டு மனு எழுதித் தருகிறோம்.

ஞாயிறு அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் இருப்போம். இறப்புச் சான்றிதழ், பழைய பட்டா, வாரிசுகள் எல்லோருடைய ஆதார் நகலும் கொண்டுவாருங்கள். எழுத்துக் கூலி கிடையாது. அக்கா தங்கைகளின் பெயரை விட்டுவிட்டு எழுதச் சொன்னால் மட்டும் நாங்கள் எழுதமாட்டோம்.