ஈரெழுத்தின் இரு பொருள்



மரக்காணத்து உப்பளங்களில் வெயிலில் விளையும் உப்பு, விளைந்தவுடன் பணமாகிவிடுவதில்லை. வாணிகர் கடனுக்கு ஏற்றிச் செல்வதும் உண்டு. அவ்வாணிகர் நொடித்துப் போனால், “ஐ.பி. கொடுத்துவிட்டார், மஞ்சள் கடுதாசி வந்துவிட்டது” என்பர் நம்மவர். அங்கே ஐ.பி. என்பது நொடிப்பு மனு. தனிமனிதர் தம் கடனைத் தீர்க்க இயலாதென நீதிமன்றத்தில் முறையிடுவதற்கு 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம் வழி வகுத்தது.

கடன்பட்டது ஒரு கம்பெனியாயின் வழி வேறு. அதற்குரியது 2016ஆம் ஆண்டின் நொடிப்பு, திவால் சட்டத் தொகுப்பு. அதனை ஐ.பி.சி. என்பர். 2024 ஜூலை முதல் நாளன்று விலக்கப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தையும் நாம் ஐ.பி.சி. என்றே எழுதினோம். ஆங்கிலத்தில் நடுவெழுத்து வேறு. தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘பி’. ஆகவே இடமறிந்து பொருள் கொள்ளல் வேண்டும்.

இப்புதிய சட்டத்தில் ஐ.பி. என்பது மனுவன்று, நொடிப்புத் தொழில் வல்லுநர் என்னும் ஆள். அவரைப் பதிவு செய்து கண்காணிப்பது ஐ.பி.பி.ஐ. என்னும் வாரியம்; அது 2016 அக்டோபர் முதல் நாள் நிறுவப்பட்டது. வழக்கை விசாரிப்பது என்.சி.எல்.டி. என்னும் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம். சென்னையிலும் அதன் அமர்வு உண்டு. சி.ஐ.ஆர்.பி. என்பது கம்பெனியை மீட்க முயலும் நடவடிக்கை. அதற்கு முதற்கண் 180 நாள் தவணை. சி.ஓ.சி. என்பது கடன் கொடுத்தோர் குழு. அதில் வாக்களிப்போர் பெரும்பாலும் வங்கி போன்று நிதி தந்தவர்களே.

அங்ஙனமாயின், உப்பு விற்றவர்க்கும் கூலி பெறாத தொழிலாளிக்கும் இடமில்லையோ? உண்டு. வழக்குத் தொடரக் கோடி ரூபாய் நிலுவை வேண்டும். தொடர்ந்தபின் கோரிக்கை அளிக்கச் சிறு தொகையும் போதும். பொருள் விற்றவர்க்குப் ‘பி’ படிவம். தொழிலாளிக்கு ‘டி’ படிவம். வல்லுநர் அமர்த்தப்பட்டதும் நாளிதழில் அறிவிப்பு வெளிவரும். கோரிக்கைக்கு 14 நாள் தவணை குறிக்கப்படும். மீட்புத் திட்டம் ஏற்கப்பட்டபின், அதில் இடம்பெறாத கோரிக்கைகள் அற்றுப்போகும் என 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

உங்கள் இல்லத்துப் பெரியோர் அவ்வறிவிப்பைக் கண்டு, “ஐ.பி. கொடுத்துவிட்டான், இனிப் பணம் வாராது” என்று தாளை மடித்துவிடக் கூடும். நீங்கள் அதனை விரித்துப் படித்து, ஒவ்வோர் எழுத்தின் முழுப்பெயரையும் சொல்லி, கடைசி நாள் எதுவெனக் குறித்துக் கொடுங்கள். கற்ற கல்வி வீட்டுக்குப் பயன்படும் இடம் அது.