மலையா, மடிக்கணினியா?

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே சில கல் தொலைவில், மலையடிவாரத்தில் அமைந்தது செண்பகத்தோப்பு. சாம்பல் நிற அணில்களுக்காக 1988-ல் ஏற்பட்ட சரணாலயத்தின் வாசல் என்றே பலரும் அதனை அறிவர். நான் இன்று பேச வந்தது அணில்களைப் பற்றியன்று. 2020-ஆம் ஆண்டில், அங்கே என் தமையனாரின் தோட்டத்து வீட்டில் கண்ட ஒரு கோளாற்றைப் பற்றி.

கல்லூரிகள் மூடிக் கிடந்த காலம் அது. தமையனாரின் மகள் மடிக்கணினி வழியே பாடம் கேட்டு வந்தாள். காலையில் திண்ணையில் அமர்ந்து கேட்கும்போது வைஃபை இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும். இரவில் அறையினுள் மேசைமுன் அமர்ந்தாலோ ஒரு குறையும் இராது. ஒருநாள் வாய்மொழித் தேர்வின் நடுவிலேயே அறுந்துவிட்டது. ஆசிரியரின் இரக்கத்தால் ஒரு வாரத் தவணை கிடைத்தது. "மலை மறைக்கிறது, நாம் என்ன செய்ய முடியும்?" என்றார் தமையனார்.

மாணவ நேயர்களே, கைப்பேசிக் கோபுரத்தின் அலைகளை மலை மறைப்பதுண்டு. ஆனால் அந்த வீட்டுக்கு இணையம் வந்தது கம்பி வழியாக. ரூட்டர் என்னும் பெட்டியிலிருந்து திண்ணைவரை இருபதடி தூரமே அலை கடக்கவேண்டும். அந்த இருபதடிக்குள் மலை ஏது?

சுவர் இருந்தது. ஆகவே முதலில் சுவரையே ஐயுற்றேன். வைஃபை அலைகளுள் 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் நீளமுடையது. விரைந்து செய்தி சுமக்கும், சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை 12 சென்டிமீட்டர். சுவரை அதனினும் எளிதாய்க் கடக்கும். அதற்கு மாற்றினேன், அப்போதும் அறுந்தது. மடிக்கணினியின் பக்கத்திலேயே என் கைப்பேசியை அதே வைஃபையில் இணைத்து வைத்தேன். கைப்பேசி ஒருமுறையும் தடுமாறவில்லை. சுவரும் ரூட்டரும் குற்றமற்றவை என்று தெரிந்தது.

அப்படியானால் அறையினுள் மட்டும் ஏன் ஒழுங்காக வேலை செய்கிறது? இங்கேதான் சிறிது நேரம் விழித்தேன். திண்ணைக்கும் அறைக்கும் இடம் மட்டுமா வேறுபாடு? அறையில் சார்ஜர் செருகியிருந்தது; திண்ணையில் பேட்டரி மட்டுமே! இரண்டும் ஒருசேர மாறியதால் நாங்கள் இடத்தையே பழித்துக்கொண்டிருந்தோம். எனவே இரண்டையும் பிரித்துப் பார்த்தேன். மேசைமீதே வைத்துச் சார்ஜரைப் பிடுங்கினேன். சில நிமிடங்களில் இணைப்பு அறுந்தது. நீண்ட மின்வடம் இழுத்துத் திண்ணையில் சார்ஜரோடு வைத்தேன். ஒரு மணி நேரம் அறவே அறுபடவில்லை.

பேட்டரியில் ஓடும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்த, கணினி தன் வைஃபைக் கருவியை இடையிடையே உறங்கவிடும். ரூட்டர் வழக்கமாக நொடிக்குப் பத்துமுறை அளவில் அழைப்புக்குறி அனுப்பும். அதற்கு விழித்தெழ வேண்டும். இந்தக் கருவி சற்று ஆழ்ந்தே உறங்கிவிட்டது போலும்! அமைப்புகளில் அந்தச் சிக்கனத்தை நிறுத்தினேன். பேட்டரி சற்று முன்னதாகத் தீரும், அவ்வளவே நட்டம்.

மறுவாரம் திண்ணையில் அமர்ந்தே அவள் தேர்வை முடித்தாள். அந்த அரைமணி நேரமும் தமையனார் மட்டும் மலையைப் பார்த்தபடியே நின்றிருந்தார்.