அம்மாவின் பவுன் மாலை

(சாம்பியன் ரீப்ஸ் மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தங்கத்தைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே வேலையைத் தொடங்கினார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. இடையில் சுமார் 800 டன் தங்கம் வெளியே போயிற்று. சுரங்க ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த என் தகப்பனார் அதில் ஒரு குந்துமணி அளவுகூடக் கையால் தொட்டதில்லை. எங்கள் ஆத்துத் தங்கம் என்றால் பாட்டி அம்மாவுக்குக் கொடுத்த காசுமாலைதான். பன்னிரண்டு இங்கிலீஷ் பவுன்கள்.

நாம் சொல்லும் 'சவரன்', இங்கிலாந்தின் 'சாவரின்' நாணயத்தின் பெயர். ஒரு பக்கம் ராஜாவின் தலை. மறுபக்கம் குதிரைமேல் செயிண்ட் ஜார்ஜ். 22 காரட், எடை 7.988 கிராம். இன்றும் ஒரு பவுன் என்றால் 8 கிராம் என்பது இதனால்தான். அயல்நாட்டுக் காசை அணிவதும் நமக்குப் புதிதல்ல. கழுத்தில் கோக்கத் துளையிட்ட ரோமானியத் தங்கக் காசுகள் தென்னிந்தியப் புதையல்களில் கிடைத்திருக்கின்றன.

அம்மா காலமான பிறகு அண்ணா, நான், தங்கை மூவரும் ஆளுக்கு நாலாகப் பிரித்துக்கொண்டோம். என் பங்கில் இரண்டைக் கடையில் கொடுத்து, உருக்கி மோதிரமாக்கிக்கொண்டேன். ஆண்டைக்கூடப் பார்க்கவில்லை. பிறகு ஒரு நாள் பூதக்கண்ணாடியில் மீதிக் காசுகளைப் பார்த்தேன். ஒன்றில் 1918 என்று இருந்தது. குதிரைக்குக் கீழே, தரைக்கோட்டின் நடுவில், பொடியாக 'ஐ' என்ற ஆங்கில எழுத்து. அது பம்பாய் முத்திரை! முதல் உலகப் போர்க் காலத்தில், 1918 ஒரே ஆண்டில் மட்டும் பம்பாயில் சுமார் 13 லட்சம் சாவரின்கள் அச்சிட்டார்கள். நான் உருக்கியவை எந்த ஆண்டுக் காசுகளோ, இனி யாரைக் கேட்பது?

மீதி இரண்டையும் கைவேலை தெரிந்த ஒரு வயதான ஆசாரியிடம் கொடுத்தேன். பழைய கொக்கியை அரத்தால் மெல்ல எடுத்தார். காசில் துளையும் போடவில்லை, பற்றும் வைக்கவில்லை. விளிம்பைச் சுற்றி மெல்லிய தங்க வளையம் செய்து, அதில் நாலு சிறு பற்களால் காசைக் கவ்வ வைத்தார். கொக்கி வளையத்தில்தான். வேண்டும்போது காசைக் கழற்றிக்கொள்ளலாம். காசின் முகத்தில் ஒரு கீறல் இல்லை.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணா பெண் அந்த 1918 காசை ஆசையாகக் கேட்டாள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது கடந்த நாணயமும் தொல்பொருள்தான். தனிப்பட்டவர் வெளிநாட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. "இங்கே வரும்போதெல்லாம் நீ போட்டுக்கோடி, அதுவரைக்கும் அத்தை பத்திரமா வெச்சிருக்கேன்" என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள் ஆத்திலும் காசுமாலை இருக்கலாம். உருக்கக் கொடுக்குமுன் எடை போடுங்கள். ஆசாரிகள் அச்சடித்த காசுகளும் அதில் கலந்திருக்கும். ஆண்டைப் படியுங்கள். அதை யார் யார் அணிந்தார்கள் என்று எழுதிக் குழந்தைகளிடம் கொடுங்கள். உருக்கினால் தங்கம் மிஞ்சும், பாட்டி மிஞ்சமாட்டாள்.